பிரதமர் நாற்காலியும் கரிசல் மண்ணும்

அமெரிக்காவுல ஒரு மாநில கவர்னருக்கு அடுத்த கனவு என்னன்னு கேட்டா, பதில் சுலபம்: வெள்ளை மாளிகை. ஜார்ஜியாவிலிருந்து கார்ட்டர், கலிபோர்னியாவிலிருந்து ரீகன், ஆர்கன்சாவிலிருந்து கிளின்டன்னு அந்தப் பாதையில போனவங்க பலர். நம்ம நாட்டுல கவர்னர்ங்கிறது நியமனப் பதவி. அந்த இடத்துல இருக்கிறவர் முதலமைச்சர். 1996-ல் கர்நாடக முதல்வர் தேவகவுடாவும், 2014-ல் குஜராத் முதல்வர் மோடியும் நேரா பிரதமர் ஆனாங்க. தமிழ்நாட்டு முதல்வர் யாரும் ஆகல. ஆகியிருக்கக்கூடிய ஒருத்தர் இருந்தார்: காமராஜர்.

அவர் விருதுநகர்க்காரர். அங்கிருந்து சாத்தூர் வழியா கோவில்பட்டிக்கு வந்தா, வழி முழுக்கக் கரிசல் காடு. மழையை நம்பின பருத்தி, கம்பு, சோளம். மழை பொய்த்தா தீப்பெட்டி ஆபீஸ் வேலை. பிள்ளைங்க சம்பாத்தியத்தையும் சேர்த்துத்தான் பல வீடுகள்ல உலை வச்சாங்க. அப்படிப்பட்ட வட்டாரத்துல பள்ளிக்கூடம் கட்டினா மட்டும் போதாது, சோறும் போடணும். மதிய உணவுத் திட்டம் 1956-ல் கோவில்பட்டிக்குப் பக்கத்துல இருக்கிற எட்டயபுரத்துல தொடங்கினதை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கறேன். 1957, 1962 ரெண்டு தேர்தல்லயும் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினது சாத்தூர்.

1963 அக்டோபர் 2. ஒன்பது வருஷத்துக்கு மேல முதல்வரா இருந்தவர், கட்சி வேலைக்குப் போறேன்னு பதவியை விட்டார். அதுதான் ‘காமராஜ் திட்டம்’. 6 மத்திய அமைச்சர்கள், 6 முதல்வர்கள் ராஜினாமா செஞ்சாங்க. அடுத்த ஜனவரியில புவனேஸ்வர் மாநாட்டுல அவர் காங்கிரஸ் தலைவர்.

1964 மே மாதம் நேரு மறைந்தார். எம்.பி.க்கள்கிட்ட பேசி சாஸ்திரியை ஒருமனதாக் கொண்டுவந்தது காமராஜர். 1966 ஜனவரியில சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தப்போ, காமராஜரையே பிரதமராகச் சொல்லிக் கேட்டாங்க. மறுத்துட்டார். இந்திரா காந்தியை முன்னிறுத்தினார். மொரார்ஜி தேசாயை 355-க்கு 169-னு இந்திரா ஜெயிச்சார்.

இந்தியும், சரளமான ஆங்கிலமும் இல்லாததுதான் மறுப்புக்குக் காரணம்னு பொதுவா சொல்லுவாங்க. எனக்கு அது பாதிப் பதிலாத்தான் படுது. அமெரிக்காவுல கவர்னர் நாடு முழுக்கச் சுத்தி மக்கள்கிட்ட ஓட்டு கேக்கலாம். இங்க பிரதமரைத் தீர்மானிக்கிறது எம்.பி.க்கள். மத்தவங்களைப் பிரதமராக்க காமராஜருக்கு இருந்த பலம், தனக்குன்னு எதையும் கேக்காததிலிருந்து வந்தது. கேட்டிருந்தா அவரும் போட்டியாளர்கள்ல ஒருத்தர் ஆகியிருப்பார்.

ஆனா அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. அவர் டெல்லியில இருந்தப்போ இங்க பக்தவத்சலம் ஆட்சி. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், துப்பாக்கிச் சூடு, அரிசிப் பஞ்சம். 1967-ல் சொந்த ஊரான விருதுநகர்லயே நின்னார். மாணவர் போராட்டத்துல வளர்ந்த தி.மு.க. இளைஞர் பெ. சீனிவாசன்கிட்ட 1,285 ஓட்டுல தோத்தார்.

1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தல்ல ஜெயிச்சு அவர் மக்களவைக்குப் போனது உண்மைதான். ஆனா அதே வருஷம் காங்கிரஸ் உடைஞ்சுது. அவர் கொண்டுவந்த இந்திரா எதிர் அணியில இருந்தார். மாநிலம் கையில இருந்தவரைக்கும்தான் டெல்லி அவர் பேச்சைக் கேட்டுச்சு. முதல்வர் பதவியை விட்ட அதே அக்டோபர் 2-ல், 1975-ல், அவர் காலமானார். எட்டயபுரத்துல போட்ட சோறு மட்டும் நிக்கல. அவரைத் தோக்கடிச்ச கட்சி உட்பட, பின்னால வந்த எந்த ஆட்சியாலும் அதைக் கைவிட முடியல.

அடுத்த எபிசோட்ல, 1997-ல் பிரதமர் பதவிக்குப் பேர் அடிபட்ட மூப்பனார்.