ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் (மேசைக் கணினியில் நிறுவுதல்)

பிஹெச்பி மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற செய்தியோடை வாசிப்பி. தொடங்கிய ஆண்டு 2012. கூகுள் ரீடர் என்ற இணையவழி வாசிப்பி 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபின், வாசிப்புப் பட்டியலைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்பியோர் இத்தகைய மென்பொருள்களை நாடினர்.

இதை நிறுவ இணைய வழங்கி, பிஹெச்பி, தரவுத்தளம் ஆகியவை தேவை. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக் கணினிக்கு எஸ்கியூலைட் தரவுத்தளமே தாராளம். போஸ்ட்கிரெஸ் அங்கே யானைத் தீனி. டாக்கர் கொள்கலமாக நிறுவினால் வேலை இன்னும் குறையும். கொள்கலத்தின் 80ஆம் துறையைக் கணினியின் 8080உடன் இணைத்து, உலாவியில் அந்த முகவரியைத் திறந்தால் மொழி, தரவுத்தளம், பயனர்பெயர் எனப் படிப்படியாகக் கேட்கும். தரவு அடைவைக் கொள்கலத்துக்கு வெளியே சேமிக்க வேண்டும். தவறினால், கொள்கலத்தை நீக்கும்போது சந்தாக்களும் போய்விடும். பழைய வாசிப்பியின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றலாம்.

பலர் இடறுவது புதுப்பித்தலில்தான். ஓடைகளைக் குறித்த இடைவெளியில் இழுத்துவரக் கிரான் பணி ஒன்றை அமைக்க வேண்டும். கணினி அணைந்திருக்கும்போது அதுவும் ஓடாது. பெரும்பாலான தளங்கள் அண்மைப் பதிவுகள் சிலவற்றையே ஓடையில் வைத்திருப்பதால், சில நாள் அணைத்து வைத்தால் இடையில் வந்தவை கைக்கு எட்டாமலே போகலாம்.