ஒரு பக்கமும் பல முகங்களும்

அச்சுக்கூடத்தில் ஒரு நூலை ஆயிரம் பிரதி அச்சிட்டால் ஆயிரமும் ஒன்றுபோலவே இருக்கும். முதற் பிரதியைத் திருத்தியவர் கடைசிப் பிரதியைத் திறந்து பார்க்கவேண்டியதில்லை. இணையப் பக்கத்தின் இயல்பு வேறு. அதனை எழுதியவர் அனுப்புவது முடிந்த பக்கமன்று. பக்கத்தை இவ்வாறு அமைத்துக்கொள்க என்னும் குறிப்பு மட்டுமே. அக்குறிப்பைப் படித்துப் பக்கத்தை அமைப்பது வாசகரின் கணினியிலுள்ள உலாவி என்னும் செய்நிரல். உலாவிகள் பல, ஆகவே பக்கமும் பலவாகின்றது. இத்தொல்லையைச் சோதனையினால் வென்ற வரலாற்றையே நேயர்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

1990இல் ஜெனீவா நகருக்கருகே சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ முதல் உலாவியை ஆக்கியபோது இத்தொல்லை இல்லை. இருந்தது ஓர் உலாவியே. 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தின் உலாவியும், 1995இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இன்ரநெற் எக்ஸ்புளோரரும் வெளிவந்தபின் போட்டி மூண்டது. ஒவ்வொன்றும் தன்னிடத்தில் மாத்திரம் இயங்கும் புதுமைகளைச் சேர்த்துக்கொண்டது. இப்பக்கத்தை இன்ன உலாவியிற் பார்ப்பதே சிறப்பு என்னும் அறிவிப்புக்கள் பக்கங்களின் அடியிலே தோன்றலாயின. மற்றையோர் வரவேண்டா என்பதே அதன் உட்பொருள். தமிழ் வாசகரும் இதனை அனுபவித்தனர். யுனிகோட் பரவுமுன் தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் சில தம் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பின. அவ்வெழுத்துருவின் வடிவம் எக்ஸ்புளோரருக்கே உரியதாயிருந்த இடங்களில், வேறு உலாவியில் திறந்தவர் கண்டது செய்தியன்று; பொருளற்ற குறிகளின் குவியல்.

நியமம் ஒன்று இருக்கவில்லையா என நேயர்கள் வினவலாம். இருந்தது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சீ.எஸ்.எஸ். என்னும் நியமத்தை, டபிள்யூ-3-சி எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1996 டிசெம்பரில் வெளியிட்டது. ஆயின் சட்டம் எழுத்தில் இருப்பது வேறு, அதன்படி நடப்பது வேறன்றோ? ஒரு பெட்டியின் அகலம் 100 அலகு, அதன் இரு புறமும் உள்ளிடைவெளி பத்துப் பத்து அலகு என்று கூறினால், நியமப்படி அது 120 அலகு இடத்தைப் பிடிக்கவேண்டும். விண்டோசில் இயங்கிய எக்ஸ்புளோரர் 5 இடைவெளியையும் 100க்குள்ளேயே அடக்கிவிட்டது. இந்த இருபது அலகினால் எத்தனையோ பக்கங்கள் குலைந்தன.

இதற்கு ரன்ரெக் செலிக் என்பார் கண்ட தந்திரம் சுவையானது. அவ்வுலாவி சில மேற்கோட் குறிகளைத் தவறாக விளங்கி, நடுவிலேயே வாசிப்பை விட்டுவிடும். அவர் முதலில் அதற்கேற்ற பிழையான அகலத்தைக் கூறினார். அடுத்து அது இடறிவிழும் குறிகளை வைத்தார். அப்பால், இடறாத உலாவிகளுக்குச் சரியான அகலத்தைக் கூறினார். இடறுகல்லாக வைக்கப்பட்ட கட்டளை எது தெரியுமா? பக்கத்தை உரக்கப் படிக்கும் கருவிக்குக் குரலைத் தெரிந்து கொடுக்கும் கட்டளை! வானொலியிற் பேசுபவனுக்கு இதனைச் சொல்வதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

ஆயினும் தந்திரம் மருந்தாகாது. பக்கத்தை ஆக்கியவர் ஒவ்வோர் உலாவியிலும் அதனைத் திறந்து, தம் கண்ணாலே பார்க்கவேண்டியிருந்தது. வழு எங்கே என்றறியச் செய்நிரலின் நடுவே சிறு அறிவிப்புப் பெட்டிகளைத் தோன்றச் செய்வர். எந்தப் பெட்டி தோன்றவில்லையோ அதற்கு முன்னேதான் வழு என ஊகிப்பர். 2006இல் ஜோ ஹியூவிற் ஆக்கிய பயர்பக் என்னும் கருவி, பயர்பொக்ஸ் உலாவியிலே பக்கத்தின் உள்ளுறுப்புக்களைத் திறந்து காட்டியபோதே இக்குருட்டுத் தேடல் குறைந்தது.

இதற்கிடையில் 2004இல் சிக்காகோ நகரிலே தோட்வேர்க்ஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த ஜேசன் ஹக்கின்ஸ், நேரக்கணக்கும் செலவுக்கணக்கும் பதியும் பக்கங்களைச் சோதிப்பதற்கு ஒரு கருவி செய்தார். அது மனிதனைப்போல் எழுத்துக்களை இட்டு, பொத்தான்களை அழுத்தி, வந்த விளைவைச் சரிபார்க்கும். உலாவிதோறும் அதே சோதனையைக் களைப்பின்றி நடத்தும். அக்காலத்திற் சோதனைக் கருவிகளை விற்ற பெரிய நிறுவனத்தின் பெயரில் மேர்க்குரி, அதாவது பாதரசம், இருந்தது. பாதரச நஞ்சைச் செலினியம் முறிக்கும் என ஹக்கின்ஸ் நகையாடியதே கருவிக்குச் செலினியம் என்னும் பெயரைத் தந்தது.

ஒரு தடை இருந்தது. ஒரு தளத்திலிருந்து வந்த செய்நிரல் வேறொரு தளத்தின் பக்கத்தைத் தொடலாகாது என்பது உலாவிகளின் காவல் விதி. திருடரைத் தடுக்கும் அவ்விதி சோதிப்பவரையும் திருடராகவே கண்டது. சைமன் ஸ்ருவேட் ஆக்கிய வெப்டிரைவர், பக்கத்தினுள்ளே புகாமல், வெளியே நின்று உலாவியின் சொந்த வாயில்கள் வழியே அதனைச் செலுத்தியது. இரண்டும் இணைந்து 2011இற் செலினியம் 2 ஆயின. 2018 ஜூன் 5ஆம் நாள் டபிள்யூ-3-சி வெப்டிரைவரை நியமமாக ஏற்றது. இந்நாளைப் பலர் அறியார். நான் இதனைப் பெருநாளாகவே மதிப்பேன். முன்னர் வெளியார் செய்து கொடுத்த சாரதியை, உலாவியை ஆக்கியவரே வழங்குதல் அதன்பின் வழக்கமாய் நிலைத்தது.

சோதனைக்கும் ஒரு நோய் உண்டு. காலையில் தேறிய சோதனை மாலையில் தவறும். பக்கத்தில் ஓரெழுத்தும் மாறியிராது. பொத்தான் தோன்றுமுன் கருவி அழுத்தப் பார்த்ததே காரணம். ஐந்து விநாடி பொறு என்று எழுதிவைத்தே பலர் காலங்கழித்தனர். 2020இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட பிளேரைட், பொத்தான் தோன்றி, அசைவற்று நின்று, அழுத்தத்தக்கதாகும்வரை தானே காத்திருக்கும்.

உலாவிகளையே பரீட்சைக்கு உட்படுத்தும் முயற்சியும் உடன் நடந்தது. 2005 ஏப்பிரிலில் வெளிவந்த அசிட்-2 என்னும் பக்கத்தை ஓர் உலாவி பிழையின்றி அமைத்தால் மஞ்சள் நிறமான சிரித்த முகம் தெரியும். பிழைவிட்டால் முகம் கோணும். வெளிவந்த நாளில் எந்த உலாவியிலும் அம்முகம் சிரிக்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் அப்பிளின் சபாரி முதலிலே தேறியது. 2009இல் எக்ஸ்புளோரர் 8உம் தேறியது. ஆனால் பழைய வினாத்தாளை மனனஞ்செய்து தேறும் மாணாக்கனைப்போல், அப்பக்கத்துக்கு வேண்டியதை மட்டும் திருத்தவும் இடமுண்டாயிற்று. பின்னர் எல்லா உலாவிக்கும் பொதுவாகத் திரட்டப்பட்ட சோதனைத் தொகுதியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு சோதனைகள் உள்ளன. போட்டியாளரே ஒருவர்க்கொருவர் வினாத்தாள் எழுதுகின்றனர்.

இவ்வளவும் ஆனபின் புதிய சுவர் ஒன்று எழுந்தது. பொத்தான், பட்டியல் போன்றவற்றைத் தனி உறுப்புக்களாக ஆக்கும் வலைக்கூறு என்னும் முறை, உறுப்பின் உள்ளமைப்பை நிழல் மரம் என்னும் அறைக்குள் மறைத்து வைக்கும். குரோம், சபாரி ஆகியவற்றின் பின், 2018 ஒக்டோபரில் பயர்பொக்ஸ் 63உம், 2020 ஜனவரியில் புதிய எட்ஜும் இம்முறையை ஏற்றன. பக்கத்தின் பிற பகுதிகள் உறுப்பைக் குலைக்காமற் காக்கும் அச்சுவரே சோதனைக் கருவிக்கும் தடையாயிற்று. கண்ணுக்குத் தெரியும் பொத்தானைக் கருவி இல்லையென்றது. 2021இல் வந்த செலினியம் 4 அவ்வறைக்குள் நுழைய நேர்வழி அமைத்தது.

அடுத்த ஆண்டில் அப்பிள், கூகிள், மைக்ரோசொப்ட், மொசில்லா ஆகியனவும், பொக்கூப், இகாலியா என்னும் இரு நிறுவனங்களும் கூடி, அவ்வாண்டிற் களையவேண்டிய வேற்றுமைகளைப் பொதுப்பட்டியலாக வகுத்து, ஒவ்வோர் உலாவியும் பெற்ற புள்ளிகளை யாவரும் காண வெளியிட்டன. அதே 2022இல், ஜூன் 15ஆம் நாள், இன்ரநெற் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசொப்ட் ஓய்வு கொடுத்தது.