முகவரி இல்லாத 17 பேர்

மலர்க் குழுவிலிருந்து மூத்த அண்ணன் ஒருவர் போன் செய்து, "தம்பி, நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, அழைப்பு அனுப்ப நம்ம ஆளுங்க லிஸ்ட் ஒண்ணு எடுத்துக் கொடேன்" என்றார். இரண்டு டேபிள்கள். ஒன்றில் கல்லூரிப் பதிவேட்டுப் பெயர்கள். மற்றதில் சங்கத்துக்கு வந்து சேர்ந்த முகவரிகள். சேர்க்கை எண்ணை வைத்து ஜாயின் போட்டேன், ஐந்து நிமிஷ வேலை. சரிபார்க்காமலே அனுப்பியும் விட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான், ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருந்தவன் பெயரைக் காணோமே என்று உறைத்தது. எங்கள் வகுப்பில் 60 பேர், லிஸ்டில் 43. முகவரி இல்லாத 17 பேரும் சத்தமில்லாமல் விழுந்துவிட்டார்கள். நாம் தேட வேண்டியவர்களே அவர்கள்தானே!

இன்னர் ஜாயின் என்றால் அப்படித்தான். பொருந்தாத வரிசையைத் தூக்கிப் போட்டுவிடும். தப்பு என்னுடையது. ஆனால் இந்தத் தப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1960களில் அப்போலோ விண்வெளித் திட்டத்தை ஒட்டி ஐ.பி.எம். உருவாக்கிய ஐ.எம்.எஸ்.ஸில் தகவல்கள் மரம் மாதிரி இருந்தன. வேரிலிருந்து கிளை கிளையாக இறங்க வேண்டும். மரத்தின் அமைப்பை மாற்றினால் புரோகிராமையும் மாற்ற வேண்டியதுதான். அதே ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் எட்கர் காட். இங்கிலாந்துக்காரர், இரண்டாம் உலகப் போரில் ராயல் ஏர்ஃபோர்ஸ் விமானி. 1970 ஜூனில் வெளியான கட்டுரையில், எல்லாவற்றையும் டேபிளாக வையுங்கள், இரண்டையும் சேர்க்கப் பொதுவான ஒரு மதிப்பு போதும் என்றார். ஜாயின் அதிலேயே இருக்கிறது.

1974-இல் டான் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இதற்கு ஒரு மொழி செய்தார்கள். 'சீக்வல்' என்று பெயர். பாய்ஸ் பாவம், அந்த வருஷமே இளம் வயதில் இறந்துபோனார். டிரேட்மார்க் தகராறில் பெயர் எஸ்.க்யூ.எல். என்று சுருங்கியது. 1979-இல் ஆரக்கிள் முந்திக்கொண்டு அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அந்த மொழியில் இரண்டு டேபிள் பெயர்களையும் நடுவில் கமா போட்டு எழுதி, நிபந்தனையை 'வேர்' பகுதியில் சொல்ல வேண்டும். நிபந்தனையை மறந்தால் ஒவ்வொரு வரிசையும் எதிர் டேபிளின் எல்லா வரிசையோடும் கைகுலுக்கும்: 60 பெயர், 43 முகவரி, 2,580 வரிசை! இதுதான் கிராஸ் ஜாயின். ஆனால் பொருந்தாதவனையும் வைத்துக்கொள் என்று சொல்ல நேரான வழி இல்லை.

அந்த அவுட்டர் ஜாயினை காட் 1979-இல் எழுதினார். கம்பெனிகள் ஆளுக்கொரு குறி கண்டுபிடித்தன. ஆரக்கிளில் (+), சைபேஸில் *=. வேடிக்கை என்னவென்றால், ஆரக்கிளில் எந்தப் பக்கம் ஆள் குறைகிறதோ அந்தப் பக்கம் குறி; சைபேஸில் எந்தப் பக்கத்தை முழுசாக வைக்க வேண்டுமோ அந்தப் பக்கம். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போனவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! 1992-ஆம் வருஷத் தர நிர்ணயத்தில்தான் லெஃப்ட், ரைட், ஃபுல் என்று வார்த்தையாகவே எழுதும் முறை வந்தது. ஆரக்கிள் அதை ஏற்க 2001 ஆயிற்று. நம் செல்போனுக்குள் ஓடுகிற எஸ்.க்யூ.லைட்டில் ரைட்டும் ஃபுல்லும் 2022-இல்தான் வந்தன.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. லேப் பயிற்சியில் கொடுக்கிற டேபிள்களில் பெரும்பாலும் எல்லாமே பொருந்தியிருக்கும். எந்த ஜாயின் போட்டாலும் ஒரே விடை. நீங்களே ஐந்தைந்து வரிசையில் இரண்டு டேபிள் போடுங்கள், இரு பக்கமும் ஓரிரு ஆளைக் குறையுங்கள். எத்தனை வரிசை வரும் என்று பேப்பரில் எழுதிவிட்டு அப்புறம் ஓட்டிப் பாருங்கள். இன்னொரு பொறி: லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, 'வேர்' பகுதியில் முகவரி டேபிளின் ஊர் சென்னை என்று கேட்டால், வெற்றாக நிற்பவர்கள் மறுபடி விழுந்துவிடுவார்கள். அந்த நிபந்தனை 'ஆன்' பகுதிக்குப் போக வேண்டும். நான் இரண்டாம் முறை சறுக்கியது அங்கேதான்.

மூன்றாம் முறை 60 பேரும் வந்தார்கள். 17 பேரில் 12 பேரை அங்கே இங்கே விசாரித்துப் பிடித்துவிட்டோம், என் பக்கத்து அறைக்காரன் உள்பட. மீதி 5 பெயர்களைப் பதிவு மேஜையில் ஒட்டியிருக்கிறோம். யாருக்காவது தெரிந்தால் பக்கத்தில் ஒரு போன் நம்பர் எழுதிவிட்டுப் போங்கள்.