மலைநாட்டு எழுத்தாளரின் பாடசாலை



கண்டி மாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வழியிலே, நகருக்கு அணித்தாக அமைந்துள்ளது மஹய்யாவ. மாத்தளைக்குச் செல்லும் புகையிரதம் இவ்வூரின் வழியாகவே போகின்றது. இவ்வூரிலே கதை எழுத விரும்பும் இளைஞர் ஒருவர் இருப்பாராயின், அவர் யாரிடம் சென்று அக்கலையைப் பயில்வது? எழுதியதை யாரிடம் காட்டித் திருத்திக்கொள்வது? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், கண்டிப் பகுதியின் தமிழிலக்கிய வரலாற்றையே ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியதாகின்றது.

பழைய முறை யாவரும் அறிந்ததே. புலமை மிக்க ஆசிரியரை அடுத்து இலக்கணமும் இலக்கியமும் பாடங் கேட்டு, செய்யுள் இயற்றிப் பழகி, கற்றோர் அவையிலே அரங்கேற்றுதல் அம்முறையாகும். கண்டிக்கு அண்மையில், தெல்தெனியாப் பகுதியைச் சேர்ந்த போப்பிட்டியிலே 1866இல் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் இவ்வழி வந்தவர். தமிழகஞ் சென்று பாடங் கேட்டுத் திரும்பிய அவர், தம் நகரத்தின் மீதே 'கண்டிக் கலம்பகம்' பாடினார். அவருக்கு முன்னரே, 1838இல் கண்டியிலே பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை வேறொரு வழியைத் திறந்துவிட்டார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். 1885இல் வெளிவந்த அவருடைய 'அசன்பே சரித்திரம்' ஈழத்து நாவல்களுள் முதலாவதாகப் போற்றப்படுகின்றது. ஆசிரியர் என்னும் சொல் பாடங் கற்பிப்பவரைக் குறித்தது போய், பத்திரிகை நடத்துபவரையுங் குறிக்கத் தொடங்கிய காலம் அது. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மலைநாட்டுத் தோட்டங்களிலே இது முழு உண்மையாயிற்று. அக்காலத்துத் தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புக்கு அப்பாற் செல்லவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. பல்கலைக்கழகம் எட்டாத தொலைவு. புலவர் மரபோ அவர்களுக்கு உரியதாக இருந்ததில்லை. அஞ்சலில் வந்துசேரும் நாளிதழே அவர்களுக்கு நூலகமாகவும் வகுப்பறையாகவும் இருந்தது. 1930இல் தொடங்கப்பட்ட 'வீரகேசரி'யிலே, எஸ். எம். கார்மேகம் அவர்கள் பொறுப்பிலிருந்த தோட்டப் பகுதிக்குரிய பக்கம் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. 1960களிலே மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்னும் நூலாக வெளிவந்தன. அப்போட்டிகள் வாயிலாக வெளிச்சத்துக்கு வந்தவர்களுள் ஒருவரே தெளிவத்தை ஜோசப்.

போட்டி என்றால் பரிசு மட்டும் அன்று. பக்க அளவுக்குள் கதையை அடக்குதல், தொடக்கத்தில் வரும் நீண்ட வருணனையை வெட்டுதல், முடிவைச் சொல்லாமல் உணர்த்துதல் ஆகிய பாடங்கள் யாவும் அதனுள் அடங்கியிருந்தன. திரும்பி வந்த கையெழுத்துப் பிரதியையும் அச்சில் வந்த பிறர் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தவன் தன் பிழையைத் தானே கண்டுகொண்டான்.

ஆயினும் திருத்துதல் என்பது எளிய செயலன்று. எந்தத் தமிழுக்குத் திருத்துவது? கொழுந்து பறிக்கும் பெண்ணைச் செந்தமிழ் பேச வைத்தால் இலக்கணம் பிழைக்கும். ஆனால் அந்தப் பெண் மறைந்துவிடுவாள். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தின் உயிர்நாடி இதுவே. கதைகளில் வந்த பேச்சுத் தமிழை 'இழிசனர் வழக்கு' என்று கண்டித்தனர் பண்டிதர் சிலர். மறுபுறத்தில், 'தினகரன்' ஆசிரியராயிருந்த க. கைலாசபதி அவர்கள் மண்வாசனை கமழும் எழுத்தை வற்புறுத்தி இளைஞருக்கு இடந் தந்தார். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' அத்தகைய சூழலிலே பிறந்த கதை. இராமையா முதலில் வானொலிக்கு நாடகம் எழுதிப் பழகியவர் என்பதை நேயர்களுக்கு நினைவூட்டுவது பொருந்தும். காதால் கேட்டு எழுதப் பழகிய கையிலே பேச்சு மொழி செம்மையாக வந்து அமைந்ததில் வியப்பில்லை.

பேராதனையிலே பல்கலைக்கழகம் 1952இல் நிலைபெற்றபின் கண்டிக்கு அருகிலேயே மற்றொரு பயிற்சிக்களம் உருவாயிற்று. அங்கு பயின்ற மாணவர் தம் கதைகளைத் தாமே தொகுத்து வெளியிட்டனர்; 1962இல் வந்த 'கதைப்பூங்கா' அவற்றுள் ஒன்று. செம்பியன் செல்வன், செங்கை ஆழியான் ஆகியோர் இந்த மாணவர் கூட்டத்திலிருந்து எழுந்தவர்களே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் விடியவிடிய ஆடப்படும் நாட்டுக்கூத்தைச் சுருக்கிச் செப்பனிட்டு, 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என மேடையேற்றினார். எதை விடுவது, எதை வைப்பது என்று அண்ணாவியாரோடு கலந்து தீர்மானித்த அம்முறையை, பதிப்பாசிரியர் எவரும் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் பேராதனைக்கும் அதனைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் இடையே இருந்த தூரம் மைல் கணக்கில் அளக்கக்கூடியதன்று. 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டியவராயினர். பேனா பிடிக்கத் தொடங்கியிருந்த இளைஞரும் அவருக்கு வாசகராயிருந்தோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். எழுதியவர் இருந்தாலும் நூல் வருவதற்குப் பல்லாண்டு ஆயிற்று. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' 1979இலும், இராமையாவின் தொகுதி 1980இலும், சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' 1981இலும் நூலுருப் பெற்றன. மு. நித்தியானந்தன் அவர்களின் 'வைகறை' வெளியீடுகள் இவை. நாளிதழ்த் தாளிலே மங்கிக் கிடந்தவற்றைத் தேடி எடுத்து, செப்பஞ் செய்து, அச்சேற்றிய அம்முயற்சி இல்லையெனில் அந்தத் தலைமுறையின் குரல் நமக்கு எட்டியிராது.

பின்னர் 1997இல் துரை விஸ்வநாதன் அவர்கள் 'மலையகச் சிறுகதைகள்' தொகுதியை வெளியிட்டபோது, பழைய இதழ்களைப் புரட்டித் தொகுத்தவர் தெளிவத்தை ஜோசப். ஒருகாலத்தில் போட்டிக்குக் கதை அனுப்பிய இளைஞர், பிறர் கதைகளைத் தெரிந்தெடுக்கும் ஆசிரியரானார். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தோட்ட வைத்தியராகப் பணிபுரிந்தவரும் 'குருதிமலை' நாவலாசிரியருமான தி. ஞானசேகரன் அவர்கள் கண்டியிலிருந்தே 'ஞானம்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். மஹய்யாவ இளைஞன் தன் கதையை எடுத்துக்கொண்டு நடந்தே செல்லக்கூடிய தூரத்தில், அதனைப் படித்துப் பார்க்க ஓர் ஆசிரியர் மீண்டும் இருந்தார்.