ஈய எழுத்திலிருந்து கட்டற்ற எழுத்துருவுக்கு: தமிழகத்தில் இசைக்குறி அச்சின் வரலாறு

மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போனால், போர்த்துகீசியர் காலத்தில் வேர்கொண்ட மகிமை மாதா திருத்தலத்தை அடையலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வரை இவ்வட்டாரத்துக் கத்தோலிக்கத் திருப்பலி லத்தீனில் நடந்தது. கிரகோரியன் பாடல் அந்த வழிபாட்டுக்குரிய இசை. தமிழ்த் திருப்பலி வந்தபின் பாடகர் குழுக்களின் கைக்கு வந்தவை பெரும்பாலும் வரிகள் மட்டுமே உள்ள பாட்டுப் புத்தகங்கள். மெட்டு செவிவழியே நின்றது. ஓர் இசை அச்சேற இசையறிவு மட்டும் போதாது, அதற்கான எழுத்தும் கைக்கு எட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஈய எழுத்தின் காலம்

தமிழ் அச்சு திருச்சபையோடு வந்தது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. ஆனால் அந்த அச்சுக்கூடத்தில் வார்க்கப்பட்டவை சொல்லுக்கான எழுத்துகளே. ஐரோப்பாவிலும் கிரகோரியன் பாடலின் நான்கு கோட்டில் அமரும் சதுரக் குறிகளுக்கெனத் தனி வார்ப்பு தேவைப்பட்டது. சொலேம் மடத்துத் துறவி ஜோசப் பொத்தியே 1883இல் வெளியிட்ட பாடல் நூலுக்காகவே பெல்ஜியத்தின் தூர்னே நகர டெக்லே அச்சகம் புதிய எழுத்துகளைப் பயன்படுத்தியது.

சென்னையில் இசையை அச்சேற்றும் முயற்சியைத் தோளில் சுமந்தவர் கிறிஸ்தவரான ஏ.எம். சின்னசாமி முதலியார். தியாகராஜர் கிருதிகளை ஐரோப்பிய ஐந்துகோட்டுக் குறியில் எழுதி, 1892 முதல் தம் கைப்பணத்தைச் செலவிட்டு வெளியிட்டார். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை அச்சேற்றும்படி வற்புறுத்தியவரும் அவரே. சமஸ்தானத்தின் ஆதரவில் 1904இல் எட்டயபுரத்திலேயே 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் அச்சானது. கமகங்களுக்கெனத் தனிக்குறிகள் அதில் இடம்பெற்றன. அரண்மனையின் துணை இல்லாமல் அத்தகைய நூல் வந்திருப்பது கடினம்.

ஸ்வரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடுவதில் ஒரு நுட்பச் சிக்கலும் உண்டு. மேல் ஸ்தாயியான தார ஸ்தாயியைக் காட்ட ஸ்வரத்தின் மேல் புள்ளி வைப்பது வழக்கம். 'ஸ' மீது அது அமர்ந்தால் மெய்யெழுத்தான 'ஸ்' போலவே தெரியும். அச்சுக்கோப்பவரின் கவனமே அங்கு இசையைக் காத்தது.

கணினிக் காலம்

1978இல் டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் மென்பொருள், அச்சுக்கோப்பை எவரும் கற்கக்கூடிய ஒன்றாக்கியது. அதன்மேல் 2006இல் பிரான்சில் எலி ரூ என்ற மாணவர் தொடங்கியதே, கிரகோரியன் பாடலை அச்சுக்கோக்கும் கிரிகோரியோ திட்டம். பாட்டின் ஒவ்வோர் அசைக்கும் பின்னால் அடைப்புக்குள் சுர எழுத்துகளைத் தட்டினால் போதும். 'கிரேசிலியே' எழுத்துரு அவற்றைச் சதுரக் குறிகளாக வரைந்துவிடும். நிரலும் எழுத்துருவும் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன.

நிறுவும் முறை எளிது. விண்டோஸில் டெக் லைவ் தொகுப்பை முழுமையாக நிறுவினால் கிரிகோரியோவும் உடன் வரும். உபுண்டு, டெபியனில் 'டெக்லைவ்-மியூசிக்' பொதியைச் சேர்க்க வேண்டும். நிரலை ஓரிடத்திலும் டெக் கோப்புகளை வேறிடத்திலும் எடுத்தால் பதிப்பு எண் ஒத்துப்போகாமல் பிழை காட்டும். இரண்டையும் ஒரே மூலத்திலிருந்து எடுப்பதே நல்லது.

தமிழ் வரிகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் தேவை. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஆங்கில எழுத்துகளே தெரியும். டெக்கின் வழிவந்த லுவாலாடெக்கில் எழுத்துருவை அழைக்கும்போது, எழுத்துகளை ஒழுங்காக அமைக்கும் ஹார்ஃபஸ் இயந்திரத்தைக் குறிப்பிட்டால் 'கொ'வின் கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் சரியாக நிற்கும். லத்தீனில் உயிரெழுத்தின் நேர் மேலே குறியை வைக்கும் விதி, உயிரும் மெய்யும் ஒன்றிய தமிழுக்குப் பொருந்தாது. 'கர்த்தர்' என்பதன் முதல் அசையில் 'க'வை மட்டும் நெளி அடைப்புக்குள் இட்டு, 'ர்த்' என்பதை வெளியே விட்டால் குறி 'க'வின் தலைமேல் அமரும்.

முடிவுரை

சின்னசாமி முதலியாருக்குச் சொந்தப் பணமும் சுப்பராம தீட்சிதருக்குச் சமஸ்தானமும் தேவைப்பட்டன. இன்று மீஞ்சூர்ப் பங்கின் பாடகர் ஒருவருக்கு ஒரு பழைய கணினி போதும். எஞ்சியிருக்கும் வேலை இரண்டு: முதியோர் நினைவில் மட்டும் உள்ள மெட்டுகளைக் குறியாக்கிப் பொதுவில் வைப்பது, ஸ்தாயிப் புள்ளி மெய்ப்புள்ளியோடு குழம்பாத தமிழ் எழுத்துருக்களை உருவாக்குவது. முதலாவதை ஒவ்வொரு பங்கும் இன்றே தொடங்கலாம். இரண்டாவதற்கு இசைவாணரும் எழுத்துரு வடிவமைப்பாளரும் ஒரே மேசையில் அமர வேண்டும்.