பயிர்க் கழிவு எண்ணெய் டீசல் ஆகுமா? முதலீடு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பருத்திமார், தேங்காய்ச் சிரட்டை, சீமைக்கருவேல விறகு ஆகியவற்றிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். அதை அப்படியே டிராக்டரிலும் பம்புசெட்டிலும் ஊற்றலாம். ஒரு இயந்திரம் வாங்கினால் டீசல் செலவே மிச்சம். இப்படிச் சொல்லிக்கொண்டு உழவர் குழுக்களைத் தேடி வருவோர் இருக்கிறார்கள். இதில் பாதி உண்மை. கழிவிலிருந்து எண்ணெய் வரும் என்பது உண்மை. அதை அப்படியே டீசலாகப் பயன்படுத்தலாம் என்பது உண்மையல்ல. நடுவில் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் 'தரம் உயர்த்துதல்'. அது என்ன, எங்கே செய்ய முடியும், அதில் உழவருக்கு என்ன பங்கு என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எண்ணெய் எப்படி வருகிறது?

காற்று புகாத கலனில் உலர்ந்த மரத்தூளை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியசுக்கு மிக வேகமாகச் சூடாக்கினால் அது எரியாது, சிதைந்து ஆவியாகும். அந்த ஆவியை 2 விநாடிக்குள் வெளியே எடுத்துக் குளிர்வித்தால் கரும்பழுப்பு நிறத் திரவம் கிடைக்கும். இதுவே உயிரிக் கச்சா எண்ணெய். பயோ ஆயில், பைராலிசிஸ் எண்ணெய் என்றும் சொல்வார்கள். இம்முறைக்கு வேக வெப்பச்சிதைவு என்று பெயர்.

நல்ல உலர்ந்த மரத்தில் எடைக்கணக்கில் 60 முதல் 75 சதவீதம் வரை எண்ணெய் கிடைக்கும். மீதி கரியும் எரிவாயுவும். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

• ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.
• துகள் 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் அரைக்கப்பட வேண்டும்.
• சாம்பல் அளவு குறைவாக இருக்க வேண்டும்.

வைக்கோலில் சாம்பலும் பொட்டாசியமும் அதிகம். பொட்டாசியம் ஆவியை மேலும் சிதைத்துவிடும். அதனால் வைக்கோலில் எண்ணெய் குறைந்து, நீரும் வாயுவும் கூடும். சவுக்கு, சீமைக்கருவேலம் போன்ற மர வகைகள் இதற்கு ஏற்றவை.

சந்தையில் விற்கப்படும் சிறிய டிரம் வகைக் கலன்கள் பெரும்பாலும் மெதுவாகச் சூடாகும் வகை. அவற்றின் முதன்மை விளைபொருள் கரிதான். 100 கிலோ விறகுக்கு 25 முதல் 35 கிலோ கரி கிடைக்கும். கூடவே வரும் திரவத்தில் பெரும்பகுதி புளித்த நீரும் தாரும்தான்.

பலர் இதையும் பயோடீசலையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். புங்கம், காட்டாமணக்கு விதைகளில் பிழியும் எண்ணெயிலிருந்து வருவது பயோடீசல். அது கொழுப்பு எண்ணெய். கழிவிலிருந்து வரும் இந்தத் திரவத்தில் கொழுப்பே கிடையாது. இரண்டின் வேதியியலும் முற்றிலும் வேறு.

ஏன் அப்படியே ஊற்றக் கூடாது?

பயிற்சிக்கு வந்த உழவர் ஒருவர் ஒரு முறை குளிர்பான பாட்டிலில் இந்த எண்ணெயைக் கொண்டுவந்தார். டீசலோடு சரிபாதி கலந்து பம்புசெட்டில் ஊற்றியதாகவும், இரண்டாம் நாளே இன்ஜெக்டர் அடைத்து இன்ஜின் நின்றுவிட்டதாகவும் சொன்னார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மேலே டீசல், கீழே கருப்புத் திரவம், அடியில் பிசின் போன்ற படிவு. காரணங்கள் இவை:

• நீர்: எடையில் 15 முதல் 30 சதவீதம் நீர்தான். அது எண்ணெயோடு கரைந்தே இருக்கும். வடிகட்டிப் பிரிக்க முடியாது.
• ஆக்சிஜன்: எடையில் 35 முதல் 40 சதவீதம் ஆக்சிஜன். டீசலில் ஆக்சிஜன் அனேகமாக இல்லை. இதனால் இது டீசலோடு கலக்காது.
• வெப்ப ஆற்றல்: 1 கிலோவுக்கு 16 முதல் 19 மெகாஜூல். டீசலில் சுமார் 43 மெகாஜூல். அதாவது பாதியைக்கூட எட்டாது.
• அமிலம்: கார அமில நிலை 2 முதல் 3. எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. சாதாரண இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும்.
• கெட்டியாதல்: சேமித்து வைத்தால் மூலக்கூறுகள் தமக்குள் பிணைந்து, மாதங்கள் செல்லச் செல்ல எண்ணெய் கெட்டியாகும்.
• காய்ச்சி வடிக்க இயலாமை: நிலத்தடிக் கச்சா எண்ணெயைப் போல இதைக் காய்ச்சிப் பிரிக்க முடியாது. சூடாக்கினால் பாதியளவு கரிப்பிசினாக அடியில் தங்கிவிடும்.

"எங்கள் எண்ணெய் அப்படியல்ல" என்று யாராவது சொன்னால், நீங்களே மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கலாம். கண்ணாடி பாட்டிலில் டீசலோடு சம அளவு கலந்து குலுக்கி ஒரு நாள் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிகிறதா பாருங்கள். கார அமிலத் தாளை நனைத்து நிறம் பாருங்கள். புது இரும்பு ஆணி ஒன்றை எண்ணெயில் போட்டு இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு சோதனையில் தோற்றாலும் உங்கள் இன்ஜினுக்கு அது ஆகாது.

தரம் உயர்த்தும் வழிகள்

தரம் உயர்த்துதல் என்றால் சுருக்கமாக ஆக்சிஜனை வெளியேற்றுவது. அதற்குப் பல வழிகள் உள்ளன.

1. எளிய முறைகள்: ஆவியைச் சூடாக இருக்கும்போதே வடிகட்டிக் கரித்தூளை நீக்கலாம். சுமார் 10 சதவீதம் மெத்தனால் அல்லது எத்தனால் சேர்த்தால் கெட்டியாவது வெகுவாகத் தள்ளிப்போகும். கலப்பூக்கி சேர்த்து டீசலோடு பால்போலக் கலக்கவும் முடியும். ஆனால் அமிலம் போகாது. கலப்பூக்கி விலையும் அதிகம். இம்முறைகளால் கிடைப்பது கொதிகலனுக்கு ஏற்ற எண்ணெய். வாகன எரிபொருள் அல்ல.

2. சியோலைட் வினையூக்கி முறை: ஆவியை இசட்எஸ்எம்-5 என்ற வினையூக்கியின் வழியே செலுத்தினால் ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். ஹைட்ரஜன் தேவையில்லை, அதிக அழுத்தமும் தேவையில்லை. ஆனால் எண்ணெயில் உள்ள கார்பனில் ஒரு பகுதி வினையூக்கியின் மேல் கரியாகப் படிந்துவிடும். அதை அடிக்கடி எரித்து நீக்க வேண்டும். கிடைக்கும் எரிபொருள் குறைவு.

3. ஹைட்ரஜன் முறை: இன்று அதிகம் ஆராயப்படும் வழி இதுவே. கோபால்ட்-மாலிப்டினம், நிக்கல்-மாலிப்டினம், ருத்தேனியம் போன்ற வினையூக்கிகளின் மேல் ஹைட்ரஜனோடு எண்ணெயைச் செலுத்துவார்கள். ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் பிடித்து நீராக்கி வெளியே கொண்டுபோகும். எடுத்த எடுப்பிலேயே அதிக வெப்பம் கொடுத்தால் எண்ணெய் கரியாக உறைந்து உலையை அடைத்துவிடும். அதனால் முதலில் 150 முதல் 250 டிகிரியில் நிலைப்படுத்தி, பிறகு 350 முதல் 400 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். அழுத்தம் 100 முதல் 200 பார் வரை. லாரி டயரில் உள்ள அழுத்தம் சுமார் 8 பார் என்பதை நினைத்துப் பாருங்கள். இது கிராமத்துக் கொட்டகையில் செய்யும் வேலையல்ல.

4. பெட்ரோலிய ஆலையில் சேர்த்துச் சுத்திகரித்தல்: தனி ஆலை கட்டாமல், ஏற்கெனவே இயங்கும் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயோடு சிறிதளவு கலந்து கொடுப்பது. சுவீடனில் பைரோசெல் நிறுவனம் மரம் அறுக்கும் ஆலையின் மரத்தூளிலிருந்து எண்ணெய் எடுக்கிறது. 2021-ல் உற்பத்தி தொடங்கிய அந்த எண்ணெய், லீசெகில் நகரில் உள்ள பிரீம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலைக்குச் செல்கிறது. பிரேசிலில் பெட்ரோபிராஸ் நிறுவனமும் தன் சோதனை ஆலையில் இம்முறையைச் செய்து காட்டியிருக்கிறது.

5. ஈரக் கழிவுக்கு வேறு முறை: பாசி, சாணம், கசடு போன்றவற்றை உலர்த்துவதற்கே பெரும் எரிபொருள் வேண்டும். அவற்றை நீரோடு சேர்த்து 300 முதல் 350 டிகிரியில், அதிக அழுத்தத்தில் எண்ணெயாக்கலாம். இந்த எண்ணெயில் ஆக்சிஜன் 10 முதல் 20 சதவீதம்தான். வெப்ப ஆற்றலும் கிலோவுக்கு 30 மெகாஜூலுக்கு மேல். ஆனால் பாசியிலிருந்து எடுத்தால் நைட்ரஜன் அதிகம் இருக்கும். அதையும் நீக்கியாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நன்கு உலர்ந்த 1 டன் மரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 600 கிலோ எண்ணெய் கிடைக்கிறது. ஹைட்ரஜன் முறையில் தரம் உயர்த்த, 1 டன் எண்ணெய்க்கு 50 முதல் 60 கிலோ ஹைட்ரஜன் தேவை. அப்படியானால் நம் 600 கிலோவுக்கு 30 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் செலவாகும். நீரும் ஆக்சிஜனும் போன பிறகு, வேதியியல் கணக்குப்படியே அதிகபட்சம் பாதி எடைதான் எரிபொருளாக மிஞ்சும்: சுமார் 300 கிலோ. நடைமுறையில் இதைவிடக் குறையும். அதிலும் ஒரு பகுதி பெட்ரோல் வகை, ஒரு பகுதி டீசல் வகை.

ஆக, 1 டன் மரத்துக்கு 300 லிட்டர் கிடைத்தால் நல்ல விளைச்சல். இதிலிருந்து விறகு விலை, உலர்த்தும் செலவு, அரைக்கும் மின்சாரம், ஹைட்ரஜன், வினையூக்கி, வட்டி ஆகிய அனைத்தையும் கழிக்க வேண்டும். விற்க வருபவர் காட்டும் தாளில் இந்த வரிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். "1 டன்னுக்கு 600 லிட்டர் டீசல்" என்று எழுதியிருந்தால், அவர் கச்சா எண்ணெயின் எடையை டீசல் என்று எழுதியிருக்கிறார் என்று பொருள்.

பெரிய முதலீடுகூட இதில் தோற்றிருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊரில், பைன் மரத்திலிருந்து பெட்ரோலும் டீசலும் எடுக்க கியோர் நிறுவனம் ஆலை அமைத்தது. அம்மாநில அரசும் 7.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. 2014-ல் நிறுவனம் திவாலானது. நம் ஊரில் 2000-களில் காட்டாமணக்கு நட்டுக் காத்திருந்த உழவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

வெற்றி பெற்ற இடங்களில் என்ன நடந்தது? நெதர்லாந்தின் ஹெங்கலோ நகரில் 2015-ல் தொடங்கிய எம்பைரோ ஆலை, மணிக்கு 5 டன் மரக்கழிவைக் கையாளும் திறன் கொண்டது. அந்த எண்ணெயை டீசலாக மாற்ற அவர்கள் முயலவில்லை. ஒரு பால் பதப்படுத்தும் ஆலையின் கொதிகலனுக்குக் கொடுத்தார்கள். எரிவாயுவுக்குப் பதிலாக அது எரிந்தது. எளிய பயன்பாடு, உறுதியான வாடிக்கையாளர், அருகிலேயே மரக்கழிவு: இம்மூன்றும்தான் அங்கே கைகொடுத்தன.

உழவருக்கு எது லாபம்?

எண்ணெய் எடுப்பதையும் தரம் உயர்த்துவதையும் பெரிய ஆலைகளுக்கு விட்டுவிடுங்கள். தரமான கழிவைத் திரட்டித் தருவதில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. ஒப்பந்தம் போடும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

• உலர் எடைக்கு விலை பேசுங்கள். 30 சதவீத ஈரமுள்ள 1 டன்னில் உலர் பொருள் 700 கிலோ. 10 சதவீத ஈரத்தில் 900 கிலோ. இரண்டுக்கும் ஒரே விலை என்றால் காயவைத்துக் கொடுப்பவருக்குத்தான் நட்டம். ஈரமானி இருபுறமும் இருக்கட்டும்.
• மண் சேராமல் அள்ளுங்கள். பருத்திமாரை வேரோடு பிடுங்கினால் மண்ணை உதறி, தார்ப்பாயில் அடுக்குங்கள். மண்ணும் சாம்பலும் கூடினால் ஆலை விலையைக் குறைக்கும்.
• தூரத்தைக் கணக்கிடுங்கள். கழிவு இலேசானது, இடத்தை அடைக்கும். லாரி வாடகையே விலையை விழுங்கிவிடும். உள்ளூரிலேயே தூளாக்கிக் கட்டியாக்கினால் வாடகை குறையும்.
• சத்து இழப்பை விலையில் சேருங்கள். 1 டன் நெல் வைக்கோல் வயலை விட்டுப் போனால் 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் போகிறது. அதை ஈடுகட்ட 24 முதல் 34 கிலோ மியூரேட் ஆப் பொட்டாஷ் போட வேண்டும். வைக்கோலுக்குக் கால்நடைத் தீவனம், மூடாக்கு என்று வேறு நல்ல பயன்களும் உண்டு. விலை இவற்றைத் தாண்டினால் மட்டும் கொடுங்கள்.
• கரியைத் திரும்பக் கேளுங்கள். ஆலையில் மிஞ்சும் கரியில் பொட்டாசியத்தின் பெரும்பகுதி தங்கும். தொழு உரத்தோடு ஊறவைத்து அமில மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் இடலாம். கரி காரத்தன்மை உடையது என்பதால் களர் நிலத்தில் இட வேண்டாம்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை

• இந்த எண்ணெயைப் பூச்சிவிரட்டி என்று நினைத்துப் பயிரில் நேரடியாகத் தெளிக்காதீர்கள். பீனால், தார்ப் பொருள்கள் இலையைக் கருக்கும். தோலையும் கண்ணையும் பாதிக்கும்.
• மிஞ்சிய திரவத்தை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள்.
• சாதாரண இரும்பு டிரம்மில் சேமிக்காதீர்கள். தடித்த பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் கலனே ஏற்றது.
• மூடிய அறையில் கலனை இயக்காதீர்கள். வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்; வாசனை இல்லாமலே உயிரைப் பறிக்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. விற்பது கச்சா எண்ணெயா, தரம் உயர்த்திய எரிபொருளா? ஆக்சிஜன் சதவீதம் எவ்வளவு?
2. டீசல் என்றால் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1460-க்குப் பொருந்தும் என்று ஆய்வக அறிக்கை உள்ளதா?
3. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி யார் பெயரில் வாங்கப்படும்?
4. எண்ணெயை வாங்கப்போவது யார்? எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் எங்கே?
5. இதே இயந்திரம் ஓராண்டாக ஓடும் இடத்தை நேரில் பார்க்க முடியுமா?

ஐந்துக்கும் தாளில் பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ அணுகுங்கள். போகும்போது அந்த எண்ணெயில் அரை லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். விளம்பரத் தாள் சொல்லாததை அந்த பாட்டில் சொல்லிவிடும்.