தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு: மீன் தொட்டியும் நம் முத்துச் சிப்பியும்



பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "சார், மீன் தொட்டித் தண்ணீரைத் தெளிய வைக்க டயாட்டம் மண் என்று ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறதாமே, போடலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பொடியின் கதையும் நம் தூத்துக்குடி முத்துச் சிப்பியின் கதையும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் டயாட்டம் என்றால் என்ன? கடலிலும் குளத்திலும் ஆற்றிலும் வாழும் ஒற்றைச் செல் பாசி அது. கண்ணுக்குத் தெரியாது. செடியைப் போலவே சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இவற்றால் நடக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதன் தனிச்சிறப்பு, தன்னைச் சுற்றிக் கண்ணாடியால் வீடு கட்டிக்கொள்வது. கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சி, சோப்பு டப்பாவும் மூடியும் போல இரண்டு ஓடுகள் செய்துகொள்ளும். அந்த ஓடு முழுவதும் வரிசை வரிசையாக நுண்ணிய துளைகள்.

டயாட்டம் செத்தால் உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் அழிந்துபோகும். ஓடு அடியில் படியும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படிப் படிந்து படிந்து சேர்ந்த வெண்ணிற மண்தான் டயாட்டம் மண். கையில் எடுத்தால் கோலமாவு போல லேசாக இருக்கும். காரணம், அதன் கன அளவில் பெரும்பகுதி வெற்றிடமே.

ஜெர்மனியின் லூனபர்க் பகுதியில் 1836 வாக்கில் இந்த மண் கண்டெடுக்கப்பட்டது. இதற்கு முதலில் பெரும்புகழ் தேடித் தந்தவர் ஆல்ஃபிரட் நோபல். தொட்டால் வெடிக்கும் நைட்ரோகிளிசரினை இந்த மண்ணில் ஊற வைத்தால் பத்திரமாகக் கையாளலாம் என்று கண்டார். 1867இல் அவர் காப்புரிமை பெற்ற டைனமைட் அதுதான். நோபல் பரிசுக்குப் பின்னால் இந்தச் சின்னஞ்சிறு பாசியின் ஓடும் இருக்கிறது.

நமக்கு வேண்டியது அடுத்த கட்டம். அதே ஜெர்மனியில், இந்த மண் கிடைக்கும் சுரங்கத்தின் சொந்தக்காரரான வில்ஹெல்ம் பெர்க்கஃபெல்ட், 1891இல் இதைக் குழாய் வடிவில் சுட்டுத் தண்ணீர் வடிகட்டி செய்தார். மறு ஆண்டே ஹாம்பர்க் நகரில் காலரா வந்தது. எல்ப் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டுக்கொண்டிருந்த ஊர் அது. சுமார் 8,600 பேர் இறந்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனாவும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தது, ஆனால் மணல் வழியாக வடிகட்டிக் கொடுத்தது. அங்கே பாதிப்பு மிகக் குறைவு. நடுவில் ஒரு தெருதான் எல்லை என்ற இடங்களிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. ராபர்ட் காக் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, வடிகட்டுவதன் அருமை உலகுக்குப் புரிந்தது. பெர்க்கஃபெல்ட் வடிகட்டியும் அந்தக் காலரா நாட்களில் பெயர் பெற்றது. நம் வீடுகளில் எவர்சில்வர் ஃபில்டருக்குள் வெள்ளையாக நிற்கும் கேண்டிலை எத்தனை முறை பழைய பிரஷ் வைத்துத் தேய்த்திருக்கிறோம்! அதன் பரம்பரை அங்கிருந்து வருவதுதான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் இதே மண்ணைப் பொடியாகவே பயன்படுத்தியது. அமீபா சீதபேதியை உண்டாக்கும் கிருமியின் கூடு, சாதாரண அளவு குளோரினுக்குச் சாகாது. டயாட்டம் மண் அதைப் பிடித்து நிறுத்தியது. போருக்குப் பின் இந்த முறை நீச்சல் குளங்களுக்குப் போனது. அங்கிருந்து வீட்டு மீன் தொட்டிக்கு வந்தது.

தொட்டியில் இது வேலை செய்யும் விதம் எளிது. பொடியைத் தண்ணீரில் கரைத்து, மோட்டார் வைத்த வடிகட்டிக்குள் இருக்கும் துணிப்பை வழியாகச் சுற்ற விடுவார்கள். பொடி துணிமேல் மெல்லிய அடையாகப் படியும். முதலில் வெளிவரும் தண்ணீர் பால் போல இருக்கும், அடை முழுவதும் படிந்ததும் தெளியும். அதன்பிறகு துணி வெறும் தாங்கிதான். வடிகட்டுவது அந்த அடையே. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். இந்த அடையோ ஒன்றிரண்டு மைக்ரான் அளவுள்ள தூசியைக்கூட நிறுத்தும். தொட்டியைப் பச்சையாக்கும் பாசி, வெண்மூட்டம், வெள்ளைப்புள்ளி நோயைப் பரப்ப நீரில் நீந்தித் திரியும் ஒட்டுண்ணி எல்லாம் சிக்கும். சில மணி நேரத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபடி பளிச்சென்று ஆகிவிடும்.

ஆனால் அந்தத் தண்ணீரில் அம்மோனியா இருந்தால்? மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியா, நீரில் கரைந்த பொருள். எவ்வளவு நுண்ணிய துளையிலும் அது தண்ணீரோடு சேர்ந்தே போய்விடும். அதைத் தீர்ப்பவை, கல்லிலும் மணலிலும் ஸ்பாஞ்சிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள். கண்ணாடி போல் தெளிந்த தண்ணீரில் மீன் மூச்சுத் திணறிச் சாகலாம். லேசாகப் பழுப்பேறிய தண்ணீரில் சுகமாக இருக்கலாம். தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு. இதை நம் ஊர்க் கடலும் முத்துச் சிப்பியும் வேறு விதத்தில் கற்றுக்கொடுத்தன. இனி அங்கே வருவோம்.

கொற்கை காலத்திலிருந்து இந்தக் கரை முத்துக்குப் பெயர் பெற்றது என்பது உங்களுக்குப் பாடத்திலேயே சொல்லியதுதான். கடலடியில் பாறைத் திட்டாக இருக்கும் 'பார்'களில் சிப்பிகள் ஒட்டி வளரும். தொலையிரம் பார் என்ற பெயரைக் கடல் தொழில் செய்யும் நம் உறவுகள் இன்றும் சொல்வார்கள். ஆனால் சிப்பி எல்லா ஆண்டும் இருக்காது. சில ஆண்டு கோடிக்கணக்கில் இருக்கும், பிறகு பல ஆண்டுகள் ஒன்றுகூட இராது. கும்பினி காலத்திலிருந்தே அரசுக்கு இது பெரிய தலைவலி. 1860களில், முத்துப் பார்களைக் கண்காணித்த கேப்டன் பிப்ஸ் என்பவர், தூத்துக்குடித் துறைமுகத்தின் ஆழமில்லாத பகுதியில் சிப்பிக் குஞ்சுகளை வைத்து வளர்க்க முயன்றார். அது பலிக்கவில்லை. பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் எட்கர் தர்ஸ்டன் இந்தப் பகுதியை ஆராய்ந்து, மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல்வாழ் உயிர்கள் பற்றி 1890இல் நூல் வெளியிட்டார். அவருடைய முயற்சியால்தான் 1909இல் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. நம் நாட்டில் பொதுமக்கள் கண்ணாடிக்குள் கடல்மீனைப் பார்த்த முதல் இடம் அது.

இங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1955 முதல் 1961 வரை. அதற்குப் பிறகு பார்கள் குளிக்கும் அளவுக்குத் தேறவே இல்லை. எனக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது. என் தலைமுறைக்கே முத்துக்குளிப்பு என்பது பெரியவர்கள் வாயால் கேட்ட கதைதான்.

இந்த நிலையில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் வேலையில் இறங்கியது. விஞ்ஞானி கே. அழகர்சாமியும் குழுவினரும் 1973இல், நமக்கு அருகிலுள்ள வேப்பலோடையில், சிப்பிக்குள் கரு வைத்து உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். இந்தியாவில் அது முதல் வெற்றி. ஆனால் அதற்கு வேண்டிய சிப்பியைக் கடலில்தானே தேட வேண்டும்? கடல் கொடுக்காவிட்டால் எங்கே போவது? ஆகவே சிப்பியையே தொட்டியில் பொரிக்க முயன்றார்கள். 1981இல் அதிலும் வென்றார்கள்.

அந்த வேலையின் நுட்பத்தைக் கொஞ்சம் பாருங்கள். முத்துச் சிப்பியின் முட்டை சுமார் 50 மைக்ரான்தான். பொரித்த குஞ்சு மூன்று வாரத்துக்கு மேல் தண்ணீரில் மிதந்து திரிந்து, பிறகுதான் ஓரிடத்தில் ஒட்டும். அந்த நாட்களில் தூசியோ கிருமியோ வேறு பூச்சியோ வந்தால் தொட்டி முழுவதும் ஒரே இரவில் காலி. எனவே கடல்நீரைத் தெளிய வைத்து, மணல் படுகை வழியாக வடித்து, உயிர் எதுவும் இல்லாத சுத்தமான நீராக்கிக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு சுத்தமான நீரில் சிப்பிக் குஞ்சை விட்டால் என்ன ஆகும்? பட்டினியால் சாகும்! சிப்பியே ஒரு வடிகட்டிதான். செவுள் வழியாகத் தண்ணீரை இழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசியைப் பிடித்துத் தின்றுதான் அது வாழ்கிறது. கடலில் அதன் உணவில் முக்கியமானது எது தெரியுமா? டயாட்டம்! ஆகவே விஞ்ஞானிகள் எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்த பிறகு, தனியாக வளர்த்த பாசியை அளந்து அளந்து மறுபடி அந்த நீரில் சேர்த்தார்கள். குஞ்சுப் பருவத்தில் ஐசோகிரைசிஸ் என்னும் மிகச் சிறிய பாசி. ஒட்டி வளரத் தொடங்கியதும் கீட்டோசெரஸ் போன்ற டயாட்டம்கள் கலந்த உணவு. கலங்கலைக் களைவது பாதி வேலை. எதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று தெரிவது மீதிப் பாதி.

இந்த இடத்தில்தான் இரண்டு கதைகளும் சந்திக்கின்றன. செத்த டயாட்டத்தின் ஓடு நமக்குத் தண்ணீர் வடிகட்டி. உயிருள்ள டயாட்டம், இன்னொரு வடிகட்டியான சிப்பிக்குச் சோறு. சிப்பி இருக்கும் தொட்டிக்கு டயாட்டம் மண் வடிகட்டியை மாட்டினால் தண்ணீர் பளபளக்கும், சிப்பி பட்டினி கிடக்கும்.

இன்னும் ஒரு படி மேலே போய் யோசியுங்கள். டயாட்டம் ஓடு கட்டும் சிலிக்கா எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மலைப்பாறை கரைந்து ஆற்று வழியாகத்தான். பொதிகைப் பாறையில் கரைந்தது தாமிரபரணியில் வந்து, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. அதைக் கொண்டு டயாட்டம் ஓடு கட்டுகிறது, டயாட்டத்தைச் சிப்பி தின்கிறது, அந்தச் சிப்பியில்தான் முத்து. மலை, ஆறு, பாசி, சிப்பி என்ற இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் கடைசிக் கண்ணிக்குத் தெரியும்.

பொரிப்பகத்தில் வளர்த்த சிப்பிக் குஞ்சுகளை 1985 முதல் சில ஆண்டுகள் லட்சக்கணக்கில் பார்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. நல்ல முயற்சிகள்தான். ஆனாலும் பழைய முத்துக்குளிப்பு திரும்பவில்லை. தொட்டியில் நாம் வடிகட்டி, அளந்து, சேர்த்துக் காப்பாற்றிவிடலாம். கடலுக்கு வடிகட்டி மாட்ட முடியாது. அங்கே சிப்பிதான் வடிகட்டி. ஒவ்வொன்றும் லிட்டர் கணக்கில் நீரை இழுத்து விட்டுக்கொண்டிருந்த கோடிக்கணக்கான சிப்பிகள் போனபோது, நாம் இழந்தது முத்தை மட்டும் அல்ல.

இனி, கேட்ட கேள்விக்குப் பதில். டயாட்டம் மண் போடலாம், தப்பில்லை. ஆனால் அதைத் தினமும் ஓட்டாதீர்கள். அடை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை, அல்லது தண்ணீர் கலங்கியபோது சில மணி நேரம் போதும். மோட்டார் நின்றால் அடை உதிர்ந்து தொட்டிக்குள் வரலாம், கரன்ட் போகும் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். பொடியை மூக்கில் ஏற்றாதீர்கள். நீச்சல் குளத்துக்கென்று சூளையில் சுட்டு விற்பதில் நுரையீரலைக் கெடுக்கும் படிக சிலிக்கா அதிகம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பொடியைத் தண்ணீரில் கரைத்தே கையாளுங்கள். பாக்டீரியா வாழும் பழைய வடிகட்டியை எடுத்துவிடாதீர்கள். வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை மாற்றுவதையும் விடாதீர்கள்.

உங்களில் துறைமுகத்தில் இருப்பவர்கள் உண்டு, உப்பளத்தில், மீன்வளத் துறையில், ஆலைகளில் இருப்பவர்களும் உண்டு. உங்கள் கையெழுத்தில், உங்கள் குழாயில், உங்கள் கப்பலில் இந்தக் கடலுக்குள் என்ன போகிறது என்பது தீர்மானமாகிறது. மேலே தெளிவாகத் தெரிகிறதே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கரைந்து போவது கண்ணுக்குத் தெரியாது.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்